கறியை விட்டார், மாத்திரையையும் விட்டார்



எங்கள் மாலைப் பள்ளியில் படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் வந்து சொன்னாள்: "அக்கா, எங்க பெரியம்மா கறி, முட்டை, கருவாடு எல்லாத்தையும் விட்டுட்டாங்க. தெம்பே இல்லாம படுத்தே கெடக்குறாங்க. ஒருவாட்டி வந்து பாருங்க."

போனோம். பெரியம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கீமோ, கரண்ட் வைத்தியம் எல்லாம் முடிந்துவிட்டது. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் ஒருவர் கேட்டாராம்: "நீங்க மாட்டுக்கறி தின்றவங்கதானே? அதை விட்டாதான் இது திரும்ப வராது." அன்றோடு கறியை விட்டார். பிறகு கைப்பேசியில் வந்த பட்டியலைப் பார்த்து மகன் முள்சீத்தாப் பழப்பொடியும் கோதுமைப்புல் சாற்றுப்பொடியும் கடன் வாங்கி வரவழைத்திருக்கிறான்.

எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "மாத்திரை போடுறீங்களா பெரியம்மா?" என்றோம். "அது போட்டா உடம்பெல்லாம் அனலா கொதிக்குதும்மா. நாலு மாசமா நிறுத்திட்டேன். அதான் கறியையே விட்டுட்டேனே, அப்புறம் என்னா?" என்றார்.

அந்த "அப்புறம் என்னா" எங்களைத் தூங்கவிடவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், அதே ஆண்டில் ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்தார்கள் என்றும் உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணின் மனத்திலும் இருப்பது ஒரே கேள்விதான்: திரும்ப வருமா? அந்தப் பயத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம். பொடி விற்கலாம். சாதியையும் விற்கலாம்.

பெரியம்மா நிறுத்திய மாத்திரையின் பெயர் டமாக்சிஃபென். எல்லோருக்கும் தரும் மாத்திரை அல்ல அது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரும் வகைப் புற்றுநோய்க்கு மட்டும் தருவது. அந்த வகை உள்ளவர்கள் ஐந்து ஆண்டுகள் இதைச் சாப்பிட்டால், முதல் பத்து ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல்லாயிரம் பெண்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. விலை மலிவான, அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மாத்திரை. உடல் கொதிப்பது அதன் பக்கவிளைவு. மருத்துவரிடம் சொன்னால் அதைத் தணிக்க வழி உண்டு, மாத்திரையை மாற்றவும் வழி உண்டு. அதைச் சொல்ல ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. மாட்டுக்கறியைப் பற்றிச் சொல்ல மட்டும் நேரம் இருந்தது.

உணவைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் சிகிச்சை முடித்த 3,088 பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்குக் காய்கறி, பழம், நார்ச்சத்து நிறையவும் கொழுப்பு குறைவாகவும் உள்ள உணவைப் பழக்கினார்கள். சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார்கள். 2007இல் முடிவு வந்தது: நோய் திரும்புவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 2,437 பெண்கள். உணவில் கொழுப்பைக் குறைத்த பிரிவில் ஐந்து ஆண்டுகளில் 9.8 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, மற்ற பிரிவில் 12.4 சதவீதம். அந்த முதல் பிரிவுப் பெண்கள் உடல் எடையிலும் இரண்டு மூன்று கிலோ குறைந்திருந்தார்கள். பலனுக்குக் கொழுப்பு காரணமா, எடை காரணமா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

ஆக, சைவத்துக்கு மாறினால் புற்றுநோய் திரும்பாது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. சுத்தம், அசுத்தம் என்ற பழைய கணக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். மாட்டுக்கறி உண்பதைத் தீண்டாமையின் தோற்றத்தோடு இணைத்து அண்ணல் அம்பேத்கர் 1948இலேயே ஒரு நூல் எழுதினார். அந்த நூலின் பக்கங்கள் இன்று புறநோயாளிகள் பிரிவில் நடந்துகொண்டிருக்கின்றன.

அதே நேரம் நாம் நேர்மையாகவும் இருக்க வேண்டும். கறி நம் உரிமை என்பதால் அதன் மேல் கேள்வியே கிடையாது என்று ஆகிவிடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், மாடு, ஆடு போன்ற சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. அது முக்கியமாகப் பெருங்குடல் புற்றுநோய் பற்றியது. அந்தப் பட்டியல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேறுபாடு பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அளவோடு உண்ணலாம், தினமும் பொரித்து உண்ண வேண்டாம். கீமோ முடிந்து உடல் தேறவேண்டிய காலத்தில் முட்டை, மீன், பருப்பு, கறி எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்தால் அந்தப் பெண் எதைத் தின்று எழுந்திருப்பாள்?

அடுத்தது உடல் எடை. சிகிச்சைக்குப் பின் பல பெண்களுக்கு எடை கூடுகிறது. அதிக எடை உள்ளவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து சற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நம் வீட்டுத் தட்டைப் பாருங்கள். ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். மூன்று வேளையும் தட்டில் சோறு மலையாகவும் குழம்பு தண்ணீராகவும் இருப்பது நம் பெண்களின் ஒழுக்கக்கேடு அல்ல. முடிந்தவரை சோற்றைக் குறைத்து, பருப்பு, பயறு, கீரை, முட்டை, மீனைக் கூட்டச் சொல்வோம். கேழ்வரகுக் கூழும் களியும் நம் பாட்டிகளின் உணவு. அதில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பைத் தளர்த்தும் என்பதால் அது அவர்களுக்கு இன்னும் தேவை.

நடை. 2,987 செவிலியர்களைத் தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மணிநேரம் சாதாரண வேகத்தில் நடக்கும் அளவுக்கு உடலை அசைத்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இந்த நோயால் இறந்தார்கள். நடந்தவர்கள் முதலிலேயே சற்றுத் தெம்பாக இருந்திருக்கலாம் என்பதால் இதை முழு நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நல்ல அறிகுறி. அரைமணி நேர நடைக்குக் காசு வேண்டாம் என்பார்கள். காசு வேண்டாம்தான், இடம் வேண்டுமே! காலனியில் தெருவிளக்கு எரியாது. ஊர்த்தெரு வழியாக மார்பு எடுத்த ஒரு பெண் காலையில் கைவீசி நடக்க முடியுமா? கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் கொண்டுபோய்க் குவிக்கப்பட்ட பெண்கள் எங்கே நடப்பார்கள்?

வயலில் குனிந்து நிமிர்பவளுக்கு எதற்கு உடற்பயிற்சி என்று நம்மவர்களே கேட்கிறார்கள். வயல் வேலையும் உடலுழைப்புதான். ஆனால் சிகிச்சைக்குப் பின் வேலை நின்று, படுக்கையே கதி என்று ஆகிவிடுகிறதே, அப்போதுதான் நடை தேவை. அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கினால் மறைக்காமல் உடனே காட்ட வேண்டும். அந்தக் கையில் முள் கீறாமல், அரிவாள் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதுவைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். மார்பகப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளில் மதுவும் ஒன்று என்பது உறுதியான முடிவு. உடல்வலிக்கு என்று கொஞ்சம் குடிக்கும் அக்காக்களும் ஆயாக்களும் நம்மிடையே உண்டு. அவர்களை ஏளனம் செய்யாமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வாழ்க்கை நம் கையில் இருந்தால்தானே அதன் முறை நம் கையில் இருக்கும்? ஆகவே கோரிக்கை வைப்போம்.

காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்கென்று ஒன்றிய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. புற்றுநோய் சிகிச்சை முடித்த ஏழைப் பெண்ணுக்கும் அப்படி ஒரு தொகை வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. டமாக்சிஃபெனும் அதே பையில் எல்லா ஊருக்கும், எல்லாக் காலனிக்கும் வரட்டும். காலனிக்குள் விளக்கும் நடைபாதையும் வேண்டும்.

மாணவர்களே, அரசு அசையும்வரை காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் இந்த நோய் வந்துபோன பெண்ணின் வீட்டுக்குப் போங்கள். கோப்பை வாங்கிப் பாருங்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று சொற்கள் இருக்கும். அவற்றுக்கு எதிரே பாசிட்டிவா, நெகட்டிவா என்று பார்த்து, அதன் பொருளை மருத்துவரிடம் கேட்டு அந்த அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தானாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெரியம்மாவை நாங்கள் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். அவர் கோப்பில் ஈ.ஆர். பாசிட்டிவ். மருத்துவர் பரிசோதித்துவிட்டு மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார், கொதிப்புக்கும் மருந்து கொடுத்தார். விட்டுப்போன நான்கு மாதத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் அவித்த முட்டை இரண்டு வாங்கிக் கொடுத்தோம். சாப்பிட்டார்.

ஜெய்பீம்.