நாம் எந்தப் பாறையின் மேல் நிற்கிறோம்?



"படிவுப் பாறைக்கும் உருமாறிய பாறைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?" என்று தேர்வில் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறோம். இரண்டு பக்கமும் எழுதி மார்க் வாங்குகிறோம். அப்புறம் மறந்துவிடுகிறோம். அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நம்ம நிலக்கோட்டை இருக்கிறது என்று யாராவது யோசித்தோமா? யோசிக்காமல் இருப்பது நமக்குத்தான் நஷ்டம் என்பது என் கருத்து.

படிவுப் பாறை என்பது ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது. அதனால்தான் அங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் இன்றும் சிப்பி, நத்தைப் படிமங்கள் கிடைக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் பெரிய பெரிய மரங்களே கல்லாகிக் கிடக்கின்றன.

உருமாறிய பாறையின் கதை வேறு. ஏற்கெனவே இருந்த பாறை பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து வேறு கல்லாக மாறியது அது. சிறுமலையின் சார்னோகைட்டும், நம்ம வயல்களுக்கு அடியில் இருக்கும் நீஸ் பாறையும் இந்த வகைதான். சார்னோகைட் உருவாக 700 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் சிப்பி ஏது, நத்தை ஏது?

சரி, இதனால நமக்கென்ன என்கிறீர்களா? தண்ணீர்தான்!

மணற்கல்லில் மணிக்கு மணி இடைவெளி உண்டு. அது பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் அடியிலிருந்து பொங்குகிற தண்ணீரைப் பம்பு வைத்து வெளியே இறைத்தால்தான் நிலக்கரியே வெட்ட முடியும். நம்ம பாறையோ இறுகிப்போனது. மேலே மக்கிய பகுதியிலும், பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். ஒருத்தர் தோட்டத்தில் போர் போட்டால் தண்ணீர் பீறிட, பக்கத்துத் தோட்டத்தில் வெறும் புகை வருவது இதனால்தான். தலைவிதி இல்லை!

"இன்னும் ஆழமாப் போட்டா கண்டிப்பாக் கிடைக்கும்" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைந்துகொண்டே போகும். மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று வட்டிக்கு வாங்கி ஆயிரம் அடி இறக்கினாலும், வெடிப்பு இல்லாத இடத்தில் ஒரு சொட்டும் வராது. காசுதான் பாறைக்குள் போகும்.

அதற்காக நம்ம கல்லைக் குறை சொல்லவில்லை. தஞ்சாவூரில் தண்ணீர் இருந்தது, கல் இல்லை. பெரிய கோயிலுக்குக் கல் வெளியிலிருந்துதான் போனது. நமக்குக் கல் உண்டு, அடியில் தண்ணீர்தான் குறைவு. இதை அறிந்துதான் நம் முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். பாறை பிடிக்காத தண்ணீரைக் கண்மாய் பிடித்தது. அது கசிந்து கிணறுகளுக்கு ஊறியது.

ஆகவே நான் சொல்வது இதுதான். போர் ஆழத்தைக் கூட்டுவதை விட்டு, கண்மாய் ஆழத்தைக் கூட்டுவோம். அதில் குப்பை கொட்டுவதை நிறுத்துவோம். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. நம் வீட்டுக் குழாய் இன்றும் வேலை செய்கிறதா என்று இந்த மழைக்கு முன் ஏறிப் பார்ப்போம்.

படித்ததை வீட்டிலும் சொல்வோம்! மழைநீரைக் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு