வேனுக்கு ஏது மாடு?

2025 ஏப்ரல் 18-ஆம் தேதி பெங்களூர் விமான நிலையத்தில், சிவனே என்று நின்றுகொண்டிருந்த விமானத்தின் வயிற்றடியில் ஒரு வேன் போய்ச் செருகிக்கொண்டது. ஓட்டியவர் கண்ணயர்ந்துவிட்டாராம். 2015 டிசம்பரில் கல்கத்தாவிலும் இதே பேச்சுதான். 'பொறுப்பில்லாத பயல்' என்று பத்திரிகையை மடித்துவைத்துவிட்டோம். கம்பைநல்லூர்ப் பக்கம் அந்நாளில் வண்டிக்காரர் தூங்கினால் மாடு வழி பார்த்துக்கொள்ளும். வேனுக்கு ஏது மாடு?

வேக வரம்பு, கோட்டுக்குள் நிறுத்தம், விமானத்துக்கே முதல் வழி, தனி அனுமதிச் சீட்டு என்று விதிகளுக்குக் குறைவில்லை. விமானியின் ஓய்வை மணிக் கணக்காக அளக்கிறார்கள். அந்த விமானத்தின் காலடியில் வண்டி ஓட்டுகிறவன் முந்தின இரவு உறங்கினானா என்பது மட்டும் அவன் சொந்த விவகாரமாம்! எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் பெங்களூரில் ஸ்டீயரிங் பிடிக்கிறார்கள், ஆகையால் கேட்கிறேன். சீட்டில் படத்துக்குப் பக்கத்தில் வேலைக்கு ஏறிய நேரத்தையும் எழுதட்டும். வாயிற்காவலர் அதைப் பார்த்து உள்ளே விடட்டும்.