கம்ப்யூட்டர் பாட்டுக்கு எந்த வழி நல்லது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் கம்பெனிகளும் நடக்கின்றன. கம்ப்யூட்டர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பகலில் அதில் வேலை, படிப்பு. இரவில் பாட்டு!

பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று சிலர் 'டி.ஏ.சி.' என்ற சிறு பெட்டியை வாங்குகிறார்கள். சென்ட்ரலுக்கு மின்சார ரயில் ஏறி, ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வருகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் குழப்பம். கம்ப்யூட்டரில் எந்தத் துளையில் அதைச் சொருகுவது?

எண்களே பாட்டு

கம்ப்யூட்டருக்குள் பாட்டு எண்களாக இருக்கிறது. 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி. தட்டில், ஒரு விநாடிப் பாட்டுக்கு ஒவ்வொரு காதுக்கும் 44,100 எண்கள் உண்டு. அந்த எண்களை மின்சார அலையாக மாற்றுவதே இந்தப் பெட்டியின் வேலை. ஆம்பிளிபையர் அதைப் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் பாடுகிறது.

எண்கள் பெட்டிக்குப் போக முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி யு.எஸ்.பி. 1996-ல் வந்த இந்தத் துளை எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. இதில் ஒரு நன்மை உண்டு. கச்சேரியில் தாளம் ஒருவர் கையில் இருந்தால்தான் பாட்டு ஒழுங்காகப் போகும். எண்களுக்கும் அப்படியே. இன்றைய நல்ல பெட்டிகளில், யு.எஸ்.பி. வழியில் பெட்டியே தாளம் போடுகிறது. "இவ்வளவு எண்கள் அனுப்பு" என்று அது கேட்கிறது, கம்ப்யூட்டர் அனுப்புகிறது.

இரண்டாவது வழி ஆப்டிகல். இதில் எண்கள் ஒளியாகப் போகின்றன. துளைக்குள் சிவப்பு வெளிச்சம் தெரியும். இங்கே தாளம் போடுவது கம்ப்யூட்டர். பெட்டி அதைப் பின்பற்றுகிறது. ஆனால் இந்த இழையில் மின்சாரம் போவதில்லை. ஆகவே கம்ப்யூட்டரின் மின் இரைச்சல் இதன் வழியாகப் பெட்டிக்குள் நுழைய முடியாது. லேப்டாப்புகளில் இந்தத் துளை இப்போது அரிது. சில மேஜைக் கம்ப்யூட்டர்களிலும், பல டெலிவிஷன்களிலும் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் யு.எஸ்.பி.யில் சொருகிக் கேளுங்கள். இரைச்சல் இல்லையென்றால் வேலை முடிந்தது. 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். உறுமல் நின்றுவிட்டதா? அப்படியானால் குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை. மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது. கம்ப்யூட்டரையும் ஆம்பிளிபையரையும் ஒரே பிளக் பலகையில் சொருகிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால், ஆப்டிகல் துளை இருந்தால் அதற்கு மாறுங்கள்.

"இந்த கேபிளைப் போட்டால் குரல் இனிக்கும்" என்று யாராவது பெரிய விலை சொன்னால் மயங்க வேண்டாம். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பாட்டு சரியாக வரும். சேராவிட்டால் 'படபட' என்று வெடிக்கும், அல்லது விட்டு விட்டுக் கேட்கும். எண்களுக்கு இனிப்பு ஏற்றும் கேபிள் உலகத்தில் கிடையாது! அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். இப்போதே பாட்டு இரைச்சல் இல்லாமல் தெளிவாகக் கேட்கிறது என்றால், இந்தப் பெட்டியும் அவசியமில்லை.

உயிரோடு விளையாடாதீர்கள்

கடைசியாகச் சொல்வதுதான் மிக முக்கியம். உறுமலை நிறுத்த ஒரு குறுக்கு வழியைச் சிலர் சொல்வார்கள். மூன்று கால் பிளக்கில் பெரிய காலை ஒடித்துவிடச் சொல்வார்கள். உறுமல் நின்றாலும் நிற்கலாம். ஆனால் அந்தக் கால்தான் எர்த்! சாதனத்துக்குள் கம்பி அறுந்து தகரத்தில் பட்டால், மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பி நம்மைக் காப்பது அதுவே. அது இல்லாதபோது ஒரு குழந்தை ஈரக் கையால் தொட்டால் என்ன ஆகும்?

தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எர்த் இல்லாத மெஷினில் அவர்கள் கை வைக்க மாட்டார்கள். அந்த எச்சரிக்கை வீட்டுக் கூடத்திலும் வேண்டும். உறுமல் தீராவிட்டால், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். விலை உயர்ந்த கேபிளுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்!