ஆலமரத்தடியில் யாருக்கு இடம்?

மார்ச் மாதம் நெருங்கினால் கல்லூரிகளிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "மேடம், மகளிர் நாளுக்கு ஒரு விக்கிப்பீடியா பயிலரங்கு." கணினி ஆய்வகம், நாற்பது மாணவிகள், ஆளுக்கொரு பயனர் கணக்கு, மதியம் சாம்பார் சாதம், மாலையில் சான்றிதழோடு குழுப்படம். இத்தனை பெண்கள், இத்தனை கட்டுரைகள் என்று ஓர் அறிக்கை போகும். ஏப்ரலில் அந்தக் கணக்குகளைத் திறந்து பாருங்கள். ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றில் அசைவே இருக்காது. எழுதிய கட்டுரைகளில் பாதியின் தலையில் நீக்கல் வார்ப்புரு தொங்கும்.

இப்போதெல்லாம் இந்த அழைப்புகளுக்கு நான் ஒரே பதில்தான் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பெண்கள் வேண்டாம், ஓர் ஆண்டுக்கு ஒருத்தியை அனுப்புங்கள். கேட்பவர்களுக்கு ஏமாற்றம். ஒருத்தியை வைத்து அறிக்கை எழுத முடியாதே!

அழைப்பு விடுத்தால் பெண்கள் வந்துவிடுவார்கள் என்பது பழைய நம்பிக்கை. 2011இல் விக்கிமீடியா நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில் தொகுப்பவர்களில் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2015க்குள் அதை 25 விழுக்காடு ஆக்குவோம் என்று அன்றைய செயல் இயக்குநர் சூ கார்ட்னர் இலக்கு வைத்தார். ஆண்டு வந்தது, போனது, இலக்கு எட்டப்படவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது என்கிறார்கள். திறந்த கதவுக்குள் போன பெண்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்றல்லவா கேட்க வேண்டும்?

தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். அழகான பெயர்தான். ஆனால் நம் ஊர்களில் ஆலமரத்தடியில் உட்கார்ந்து பேசியவர்கள் யார், தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக நடந்துபோனவர்கள் யார்? பெயர் வைத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். நினைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை என்பதுதான் விஷயம்.

விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்பார்கள். டோனா ஸ்ட்ரிக்லண்டின் கதையைப் பார்ப்போம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக இயற்பியலாளர். 2018 மே மாதம் அவரைப் பற்றிய வரைவுக் கட்டுரையை ஆங்கில விக்கிப்பீடியா ஏற்க மறுத்தது. அவர் குறிப்பிடத்தக்கவர் என்பதற்குப் போதிய சான்று இல்லையாம். அந்த அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்தக் கண்டுபிடிப்புக்காகக் கிடைத்ததோ அதில் அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூரூவுக்கு 2005 முதலே அங்கே கட்டுரை இருந்தது. ஒரே ஆய்வு, இரண்டு பெயர்கள்.

அப்போது நிறுவனத்தின் தலைமையில் இருந்த கேத்தரின் மார், விக்கிப்பீடியா உலகத்தின் பாரபட்சத்தைக் காட்டும் கண்ணாடி என்று விளக்கம் சொன்னார். பத்திரிகைகள் பெண்களைப் பற்றி எழுதாதபோது நாங்கள் எதை மேற்கோள் காட்டுவது என்பது அவர் கேள்வி. பாதி நியாயம். ஆனால் கண்ணாடி தன் முன் நிற்பவரிடம் சான்று கேட்பதில்லை. இங்கே கேட்கிறார்கள், அதுவும் எல்லாரிடமும் ஒரே அளவில் கேட்பதில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் நீக்கப் பரிந்துரைக்கப்படும் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களின் பங்கு, மொத்த வாழ்க்கை வரலாறுகளில் அவர்களுக்கு இருக்கும் பங்கைவிட மிக அதிகம் என்று சமூகவியலாளர் பிரான்செஸ்கா டிரிபோடி 2021இல் எழுதிக் காட்டினார்.

நான் கைப்பிடித்துக் கூட்டி வந்த பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். முதுகலை மாணவி. எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை, இது எங்கும் நடப்பதுதான். 1940களில் ஒரு பெண்கள் இதழை நடத்திய ஆசிரியையைப் பற்றி எழுதினாள். வீட்டில் கணினி இல்லை. இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிவிட்டுக் கைப்பேசியில் தட்டச்சு செய்தாள். வெளியிட்ட இருபதாவது நிமிடம் 'குறிப்பிடத்தக்கமை ஐயத்துக்குரியது' என்று வார்ப்புரு விழுந்தது. வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை. பதினொரு மணிக்கு எனக்குச் செய்தி வந்தது: "அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஓர் இளைஞனின் கட்டுரையில் வார்ப்புரு விழுந்தால் அவன் "யாருய்யா நீ?" என்று பேச்சுப் பக்கத்தில் சண்டைக்குப் போகிறான். நம் பெண்களுக்கோ திருத்தப்படுவது என்றாலே கண்டிக்கப்படுவதுதான். பிறந்ததிலிருந்து அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்? தவறு செய்தேனா என்று கேட்பவளிடம் "பொறுமையாக இரு, விதிகளைப் படி" என்று சொல்வதை வழிகாட்டல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாமியார் வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் சொல்லி அனுப்பும் அறிவுரை அது.

நான் அவளிடம், வார்ப்புரு வைத்தவரின் பெயரைச் சொடுக்கி அவருடைய பங்களிப்புகளைப் படி என்றேன். அன்று மாலை மட்டும் அவர் முப்பதுக்கு மேற்பட்ட வார்ப்புருக்களை வைத்திருந்தார். இவள் எழுதியதை அவர் படித்திருக்கவே வழியில்லை. அடுத்து 'வரலாறு' பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். கட்டுரையின் ஒவ்வொரு மாற்றமும், யார் எப்போது செய்தார் என்பதும் அங்கே பதிவாகியிருக்கும். எதுவும் அழிந்துபோவதில்லை, நீக்கிய வரியை மீட்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்தபோது அவள் பயத்தில் பாதி போய்விட்டது. விதிகளைப் படிப்பது அதற்குப் பிறகுதான். பணிந்துபோக அல்ல, வாதாட. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்றும் விக்கிப்பீடியாவில் ஒரு வழிகாட்டல் இருக்கிறது. அதை யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை!

பிறகு கட்டுரையை எடுத்தோம். முதல் வரியிலேயே 'இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி' என்று எழுதியிருந்தாள். கணவர் மூன்றாம் பத்திக்குப் போனார், இதழ் முதல் வரிக்கு வந்தது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு இரண்டு நாள் போனோம். பழைய இதழ்களில் மதிப்புரை ஒன்றும் கூட்டச் செய்தி இரண்டும் கிடைத்தன. போக்குவரத்து, சாப்பாடு, அவள் வீட்டில் அனுமதி வாங்க நான் பேசிய பேச்சு, இவையெல்லாம் எந்தப் பங்களிப்புக் கணக்கிலும் ஏறாது. தளம் எண்ணுவது சொடுக்குகளை மட்டும். ஒருத்தியை நிலைக்க வைக்கும் உழைப்பு அங்கேயும் வீட்டு வேலை மாதிரிதான், செய்தால் கண்ணுக்குத் தெரியாது.

விவாதத்தில் நானும் போய் எழுதினேன். உடனே "தோழிகளைக் கூட்டம் சேர்க்கிறீர்கள்" என்று பதில் வந்தது. வாக்குச் சேர்க்க ஆள் திரட்டக் கூடாது என்ற விதி சரியானதே. ஆனால் பத்தாண்டுகளாக ஒருவரையொருவர் அறிந்த நாலு ஆண்கள் ஒரே பக்கம் பேசினால் அது 'சமூகத்தின் இணக்க முடிவு', இரண்டு பெண்கள் பேசினால் கூட்டமா? இவள் எனக்குத் தெரிந்தவள் என்று முதல் வரியிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டுத்தான் வாதாடினேன். வழிகாட்டுகிறவர்கள் தனிச்செய்தியில் ஆறுதல் சொல்லிவிட்டு நின்றுவிடக் கூடாது. பொதுவில் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும்.

வார்ப்புரு நீங்கியது. அதற்கடுத்த தடைதான் பெரியது. மணலூர் மணியம்மையை எடுத்துக்கொள்வோம். இளம் விதவை, வேட்டியும் சட்டையும் அணிந்து தஞ்சைப் பண்ணையாட்களைத் திரட்டியவர். அவரை அறிந்தவர்களை ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகத் தேடிப்போய்க் கேட்டு எழுதியதுதான் 'பாதையில் பதிந்த அடிகள்'. அது நாவல். ஆகவே ஒருவர் வாழ்க்கைக்குச் சான்றாக அதைக் காட்ட முடியாது. விவசாயக் கூலிப் பெண்களின் வாய்மொழியோ அச்சில் ஏறவே இல்லை. பேச்சும் சான்றாகலாம் என்று 2011இலேயே அச்சல் பிரபாலா வாய்மொழி மேற்கோள்களுக்கான ஒரு முயற்சியை முன்னெடுத்தார், மலையாளத்திலும் இந்தியிலும் தென்னாப்பிரிக்காவின் செபெடியிலும். விதி இன்னும் அச்சின் பக்கமே நிற்கிறது. அச்சு யார் கையில் இருந்தது?

வை.மு. கோதைநாயகி பள்ளிக்கூடம் போனதில்லை. ஐந்தரை வயதில் கல்யாணம். முதல் படைப்பை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு எழுதக் கற்று, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். அந்தப் பட்டம்மாளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுத முடியுமா என்று என் மாணவி போன வாரம் கேட்டாள். சான்று எங்கே இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.