பஞ்சகவ்யமும் பஞ்சமி நிலமும்

சில மாதங்களுக்கு முன் ஓர் இயற்கை வேளாண் முகாமுக்குப் போயிருந்தேன். நகரத்து வேலையை விட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள் நிறைய வந்திருந்தார்கள். பஞ்சகவ்யம் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தவர், 'நம் முன்னோர் வாழ்க்கைக்குத் திரும்புவோம்' என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை.

யாருடைய முன்னோர்? கீழத்தஞ்சையில் எங்கள் முன்னோர் பண்ணையாட்கள். வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். மாட்டுச் சாணத்தைக் கரைத்து மனிதர் வாயில் ஊற்றிய அந்தக் காலத்து வயல்களில் யூரியாவும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. நஞ்சு சாதியில் இருந்தது.

பிறகு பசுமைப் புரட்சி வந்தது. விதை மாறியது, உரம் மாறியது, நிலம் மட்டும் கைமாறவில்லை. கூலி உயர்வு கேட்டுத் திரண்டதற்காக 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள்.

ரசாயன விவசாயத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பவர் பெரும்பாலும் கூலியாள்தான். அந்த நஞ்சு முதலில் ஏறுவது எங்கள் உடம்பில். ஆனால் களைக்கொல்லி வேண்டாமென்றால் களையைக் கையால் பறிக்க வேண்டும். குனிந்து பறிக்கப்போவது சேரிப் பெண்கள். நஞ்சில்லா அரிசிக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில் அவர்கள் பங்கு என்ன என்று முகாமில் கேட்டேன். 'இங்கே அரசியல் வேண்டாமே' என்றார்கள்.

நிலம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் அரசியல். 2011 கணக்குப்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையிலிருந்த சாகுபடி நிலம் 9 சதவீதத்துக்கும் குறைவு. 2019-இல் வந்த பிரதமர் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலமுள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான். நாள் முழுக்க வயலில் நிற்கும் கூலிப்பெண் அரசின் கண்ணில் விவசாயியே அல்ல.

செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலங்களை ஒதுக்க ஆணையிட்டது. பிறருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. இன்று அதில் பெரும்பகுதி பிறர் கையில்தான் இருக்கிறது. 1994-இல் காரணை நிலமீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

1947-இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அம்பேத்கர், விளைநிலத்தை அரசுடைமையாக்கி, சாதி பார்க்காமல் ஊராருக்குக் கொடுத்துக் கூட்டாகப் பயிரிடச் சொன்னார். நிலப்பிரபுவும் குத்தகைதாரரும் நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது என்றார். நீடித்த வேளாண்மைக்கு இதைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரியவில்லை.

மண்ணைக் காக்க விரும்பும் தோழர்களே, மண்புழு உரத்தோடு சேர்த்து இன்னொரு வேலையும் செய்யுங்கள். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டை எடுத்து, பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, இன்று யார் உழுகிறார்கள் என்று பாருங்கள். அது உங்கள் குடும்ப நிலமாகவே இருக்கலாம். அப்போது என்ன செய்வீர்கள் என்பதில்தான் உங்கள் இயற்கை விவசாயம் யாருக்கானது என்பது தெரியும்.