மீண்டும் ஒலிக்க வேண்டிய இசைத்தட்டுகள்

நாடக மேடையிலே இசையால் அரசோச்சிய எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல், 27 வயதில் மறைந்தார். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த மேடைகளுள் நம் இலங்கை மேடையும் ஒன்று. அவர் குரலில் நமக்கு எஞ்சியவை இசைத்தட்டுகளே. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே பாடும். அரக்குக் கலந்து செய்யப்பட்டதாதலின் விழுந்தால் உடையும். எஃகு ஊசி ஓடுந்தோறும் தேயும்.

விற்பனை நின்றுபோன இத்தட்டுகளைத் தேடித் தொகுப்போர் மறுவெளியீட்டை வேண்டி நிற்கின்றனர். ஆதாயமில்லாப் பணியை எந்த நிறுவனம் மேற்கொள்ளும் என வினவுவோர் உளர். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டுகளே. கிட்டப்பா காலத்துப் பதிவுகளுக்கு அது கழிந்து நெடுநாளாயிற்று. ஆகவே நிறுவனங்களையே நம்பியிருக்க வேண்டுவதில்லை. தேய்வுறாத தட்டுகள் கிடைத்தலே முதற்றேவை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒரே படியாயிருந்த ஏடுகள் மீளா என்பதை நாம் அறிந்தோம். பழைய மாணவர்காள்! உங்கள் இல்லத்துப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கண்ட தட்டைப் பழைய ஊசியில் ஓட்டாது, பாட்டின் பெயரையும் தட்டின் இலக்கத்தையும் குறித்துக் கல்லூரிக்கு அறிவியுங்கள். அவற்றைச் செவ்வனே பதிந்து, கேட்போர்க்கெல்லாம் நம் நூலகம் வழங்குமாயின், விழா முடிந்த பின்னும் நிலைக்கும் பணி அதுவாகும்.