“என்ன கேமரா மச்சி?”

மவுண்டன் பைக் ரேஸ் படம் ஒன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தால் நாம கேட்கிற முதல் கேள்வி இதுதான். எங்கே நின்னு எடுத்தாங்கன்னு யாருமே கேட்கிறதில்லை. எனக்கு அந்த ரெண்டாவது கேள்விதான் பெருசு. இன்ஜினியரிங் படிக்கிறோமே, கணக்கு போட்டே பார்த்துடலாம்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக், நொடிக்கு 10 மீட்டர் போகும். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் பட்டனை அழுத்திப் பிடிச்சாலும், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பைக் 1 மீட்டர் தாண்டியிருக்கும். முன்சக்கரம் பாறையில் மோதும் கணம் அந்த 1 மீட்டருக்குள்ளேயே முடிஞ்சு போயிருக்கலாம். 20 படம் எடுக்கும் கேமரா வாங்குங்க, இடைவெளி அரை மீட்டர் ஆகும். அவ்வளவுதான். எந்தப் பாறையில் ரைடர் எகிறுவார்னு முன்கூட்டியே தெரிஞ்சவருக்கு ஒரு கிளிக் போதும். அது பிராக்டிஸ் ரன் நடக்கும்போது டிராக் முழுக்க ஏறி இறங்கிப் பார்த்தாத்தான் தெரியும்.

அடுத்தது ஷட்டர் ஸ்பீடு. 1/1000 நொடியில் அந்த பைக் 1 சென்டிமீட்டர்தான் நகரும், படம் ஷார்ப்பா வரும். ஆனா சக்கரக் கம்பிகளும் கிட்டத்தட்ட உறைஞ்சு, ஸ்டாண்டு போட்டு நிறுத்தின வண்டி மாதிரி இருக்கும். 1/60-ல் வச்சு ரைடரோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பி எடுத்தா, ஆள் தெளிவா இருப்பார், பின்னால மரமெல்லாம் கோடு கோடா ஓடும். 1/60 கிட்டத்தட்ட எல்லா கேமராவிலும் இருக்கும். பழக காலேஜ் கேட் முன்னாடி போற டவுன் பஸ் போதும் (டிரைவர் முறைப்பார், பரவாயில்லை).

காசு பேசுற இடமும் உண்டு, மறுக்கலை. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் டவுன்ஹில் டிராக்கை எடுத்துக்குங்க. மேலே திறந்த பாறைச் சரிவு, கீழே மரங்கள் அடர்ந்த காடு. மேலே சாதாரண லென்ஸ் சமாளிச்சிடும். காட்டுக்குள் எஃப் 5.6 லென்ஸோடு நின்னா, எஃப் 2.8 லென்ஸுக்கு வர்ற வெளிச்சத்தில் கால்வாசிதான் கிடைக்கும். பக்கத்தில் நிற்பவர் ஐஎஸ்ஓ 1600-ல் எடுக்கும் படத்தை நீங்க 6400-ல் எடுக்கணும், புள்ளி புள்ளியா வரும். எவ்வளவு திறமை இருந்தாலும் இல்லாத வெளிச்சத்தை வரவழைக்க முடியாது. கிளைகளுக்கு நடுவில் வெயில் விழும் திட்டைத் தேடி அங்கே காத்திருக்கலாம். மேகம் மூடிட்டா அதுவும் போச்சு. அந்த ஒரு நாளுக்கு லென்ஸை வாடகைக்கு எடுங்க. அதுக்காக அப்பா தலையில் ரெண்டு வருஷ இஎம்ஐ கட்டணுமா?

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. போட்டோகிராபி கிளப்பில் சேரும் ஃபார்மில் முதல் கேள்வியே “சொந்தக் கேமரா மாடல் என்ன?” அதைப் பார்த்துட்டு ஃபார்மை மடிச்சு பையில் வச்சுக்கிட்டுப் போன ஃபர்ஸ்ட் இயர் பசங்களை எனக்குத் தெரியும். கிளப் நிர்வாகிகளே, அந்தக் கேள்வியை எடுத்துடுங்க. பீரோவில் தூங்கும் கிளப் கேமராவை சனி, ஞாயிறு அவங்க கையில் கொடுங்க. கேட் முன்னாடி பஸ் வந்துக்கிட்டேதான் இருக்கு.